கண்டாங்கிச் சேலையும் கைப்பேசி வியாபாரமும்

காரைக்குடிப் பக்கம் நெய்யும், கட்டம் போட்ட செட்டிநாடு கண்டாங்கிச் சேலை 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது. பெயர் பெற்ற சேலைதான். ஆனாலும் காரைக்குடிக்கே வந்து, தொட்டுப் பார்த்து எடுக்க எத்தனை பேரால் முடியும்? மற்றவர்கள் கைப்பேசித் திரையில் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள். சின்ன ஜவுளிக் கடைக்கும் தறி வைத்திருக்கும் குடும்பத்துக்கும் சமூக வலைத்தளம் தரும் லாபமே இதுதான்: சென்னையில் இருப்பவரும் சிங்கப்பூரில் இருப்பவரும் இடையில் ஆள் இல்லாமல் நேராகக் கேட்கிறார்கள். பத்தாயிரம் பேர் பின்தொடரும் பக்கத்தில் வியாபாரம் படுத்துக் கிடப்பதும், ஐந்நூறு எண்கள் மட்டும் உள்ள வாட்ஸ்அப்பிலிருந்து வாரா வாரம் பார்சல் கிளம்புவதும் இந்தத் தொழிலில் சகஜம்.

முதல் சிக்கல் நிறத்தில் வரும். திரும்பி வரும் சேலைகளில் பெரும்பாலும் கேட்கும் புகார், 'போட்டோவில் வேற கலரா இருந்துச்சே' என்பதுதான். கண்டாங்கியில் அரக்கும் கடுகு மஞ்சளும் அதிகம். திரை முழுக்க மஞ்சள் நிறைந்தால் கைப்பேசிக் கேமரா அதைத் தானாகவே 'சரிசெய்ய' முயன்று நீலப் பக்கம் இழுத்துவிடும்; மஞ்சள் வெளிறிப்போகும். டியூப்லைட் வெளிச்சமும் சேர்ந்தால் பச்சை தட்டும். காலை எட்டு மணியிலிருந்து பத்து மணிக்குள், நேர்வெயில் விழாத திண்ணையிலோ மொட்டைமாடி நிழலிலோ படமெடுங்கள். சேலையின் ஓரத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்தால் கேமராவுக்கு வெள்ளை எதுவென்று தெரியும். பிறகு அந்த ஓரத்தை வெட்டிவிடலாம். திரையில் சேலை மேல் விரலை அழுத்திப் பிடித்து ஒளியளவைப் பூட்டிக்கொண்டால் படத்துக்குப் படம் நிறம் தாவுவது குறையும். ஃபில்டர் கூடவே கூடாது.

ஒரு சேலைக்கு நான்கு படம் போதும்: முழு விரிப்பு, முந்தி, கரை, கட்டத்தைக் கிட்டத்தில் காட்டும் படம். கட்டத்தின் பக்கத்தில் ஐந்து ரூபாய் நாணயம் ஒன்றை வைத்துவிட்டால் கட்டம் பெரிதா சிறிதா என்ற கேள்வியே வராது. வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது எச்டி தரத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இல்லாவிட்டால் படம் சுருங்கி நூல் கோடுகள் கலங்கிவிடும்.

ரீல்ஸுக்குப் பாட்டும் ஆட்டமும் தேவையில்லை. தறி ஓடுவதை முப்பது விநாடி, அதன் சத்தத்தோடு அப்படியே போட்டாலே சேலையைப் பற்றி விசாரிப்பார்கள். நெசவாளரிடம் கேட்டுவிட்டுத்தான் எடுக்க வேண்டும். அவர் சம்மதித்தால் பெயரையும் போட வேண்டும். அது அவர் உழைப்பு. விசைத்தறிச் சேலைக்குக் கைத்தறி என்று தலைப்புப் போடுவது அந்த உழைப்புக்குச் செய்யும் துரோகம், வாங்குபவரை ஏமாற்றுவதும்கூட.

விலையை மறைக்கிற பழக்கம் எங்கிருந்து ஒட்டிக்கொண்டதோ! 'விலைக்கு இன்பாக்ஸ் வாங்க' என்றதுமே பாதிப்பேர் கடந்து போய்விடுவார்கள். விலை, கூரியர் செலவு, நீளம் (சேலை ஐந்தரை மீட்டர், பிளவுஸ் துணி உண்டா இல்லையா), முதல் முறை தனியாகக் கல்லுப்பு போட்ட தண்ணீரில் அலச வேண்டும் என்ற குறிப்பு, எல்லாம் படத்தின் கீழேயே இருக்கட்டும்.

இன்ஸ்டாகிராம் ஊர் பார்க்கும் தெரு, வாட்ஸ்அப்தான் கடை. 2018-இல் வந்த வாட்ஸ்அப் பிசினஸ் செயலி இலவசம். அதன் கேட்டலாக்கில் (விற்கும் பொருள்களின் படப் பட்டியல்) ஒவ்வொரு சேலைக்கும் ஓர் எண் கொடுங்கள். 'அந்த மஞ்சள் சேலை இருக்கா அக்கா?' என்று நாலு பேர் கேட்கும்போது அந்த எண்தான் காப்பாற்றும். கைத்தறியில் பெரும்பாலும் ஒரு நிறச்சேர்க்கைக்கு ஒரே ஒரு சேலைதான் கையிருப்பில் இருக்கும். ஸ்டேட்டஸில் போட்டதை இன்ஸ்டாவிலும் போட்டு, இரண்டு பேரிடமும் 'இருக்கும்மா' என்று சொல்லிவிடுவது அடிக்கடி நடக்கிறது. முதலில் பணம் அனுப்பியவருக்கே சேலை என்ற விதியை முன்பே சொல்லிவிட்டு, பணம் வந்த நிமிடமே கேட்டலாக்கில் மறைத்துவிட வேண்டும். செயலியில் உள்ள லேபிள்களில் 'பணம் வர வேண்டியது', 'பணம் வந்தது' இரண்டையும் ஒழுங்காகப் போட்டாலே பாதிக் குழப்பம் தீரும்.

பிராட்காஸ்ட் செய்தி (ஒரே தடவையில் பலருக்கும் தனித்தனியாகப் போவது), உங்கள் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே போகும். அதனால் முதல் பார்சலிலேயே 'எண்ணைச் சேமித்துக்கொள்ளுங்கள்' என்று ஒரு சீட்டு வையுங்கள். கேட்காமல் நூறு பேரைக் குரூப்பில் இழுத்துப் போட்டால் புகார் போகும், எண்ணே முடக்கப்படலாம்.

பணம் அனுப்பிவிட்டதாக வாங்குபவர் காட்டும் ஸ்கிரீன்ஷாட்டை நம்பிச் சேலையை அனுப்பவே கூடாது. போலி ஸ்கிரீன்ஷாட் செய்யும் செயலிகள் உலவுகின்றன. உங்கள் வங்கிக் கணக்கில் வரவு ஏறியிருக்கிறதா என்று பாருங்கள், அதன் பிறகு 12 இலக்கப் பரிவர்த்தனை எண்ணை ஒத்துப் பாருங்கள். பணம் பெறுவதற்கு யுபிஐ பின் நம்பர் ஒருபோதும் தேவைப்படாது. கேட்டால் அது மோசடி.

பார்சலைக் கட்டுமுன் சேலையை முழுக்க விரித்து ஒரு வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். வாங்குபவரையும் பிரிக்கும்போது வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். கறை, கிழிசல் என்று பேச்சு வந்தால் இரண்டும் உதவும்.

விளம்பரத்துக்கு அவசரம் வேண்டாம். காசு போடாமலே நாலு பேர் விலை கேட்ட பதிவு எதுவோ அதை மட்டும் பூஸ்ட் செய்யுங்கள், அதாவது காசு கட்டி இன்னும் பலருக்குக் காட்டுங்கள். விளம்பரத்தைத் தொட்டால் வாட்ஸ்அப் திறக்கும்படி வைக்கலாம். கட்டணத்தோடு 18 சதவீதம் ஜிஎஸ்டியும் போகும் என்பதைக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். பதில் சொல்ல ஆள் இல்லாத நாளில் விளம்பரத்தை நிறுத்திவிடுங்கள். மதியம் கேட்டவருக்கு ராத்திரி பதில் போனால் அதற்குள் வேறெங்காவது வாங்கியிருப்பார்.

இரண்டு செயலியிலும் இரட்டைச் சரிபார்ப்பை (உள்ளே நுழைய இன்னொரு ரகசிய எண்ணும் கேட்கும் பூட்டு) இன்றே போடுங்கள். கணக்கு பறிபோனால், அந்தப் பெயரிலேயே உங்கள் வாடிக்கையாளர்களிடம் பணம் கேட்பார்கள். வாடிக்கையாளர் பெயர், எண், எடுத்த சேலை ஆகியவற்றை ஒரு நோட்டில் தனியாக எழுதி வாருங்கள். கைப்பேசி தொலைந்தாலும் அந்த நோட்டிலிருந்து மறுநாளே வியாபாரத்தைத் தொடங்கலாம்.