பயோடெக் படிப்பவர்கள் பிப்பெட் பிடிக்கப் பழகுங்கள்

பிளஸ் டூ முடித்தவர்களிடம் முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்க்கத்தான் ஆசை என்றால் பி.எஸ்சி. எம்.எல்.டி.யில் (மருத்துவ ஆய்வகத் தொழில்நுட்பம்) சேருங்கள். ரத்தம், சிறுநீர், கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்ப்பது) சோதனை எல்லாம் அது படித்தவர்கள் துறை. பயோடெக், மைக்ரோபயாலஜி, பயோகெமிஸ்ட்ரி பட்டங்களுக்கு ஆராய்ச்சி, தடுப்பூசி, மருந்துக் கம்பெனிகளின் தரக்கட்டுப்பாடு என்று வழி வேறு.

ஆராய்ச்சிக்குப் போக நினைப்பவர்கள் எம்.எஸ்சி.க்கு ஐ.ஐ.டி. ஜாம், காட்-பி நுழைவுத் தேர்வுகளையும், அதன்பின் ஆராய்ச்சி உதவித்தொகைக்கான சி.எஸ்.ஐ.ஆர். நெட்டையும் எழுதுவார்கள். ஜே.ஆர்.எஃப். என்ற அந்த உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மாதம் 37,000 ரூபாய். நெட் தேர்வில் லைஃப் சயின்ஸ் தாளின் சி பகுதியில் 75 கேள்விகள், எழுத வேண்டியது 25தான். ஒவ்வொன்றுக்கும் 4 மதிப்பெண், தப்பானால் 1 போய்விடும். எல்லாப் பாடத்தையும் அரைகுறையாகப் படிப்பதைவிட ஐந்தாறு அலகுகளை ஆழமாகப் படிப்பதே மேல்.

ஆனால் நேர்முகத்தில் பலர் தடுமாறுவது லேப் கணக்கில். 50எக்ஸ் டி.ஏ.ஈ.யிலிருந்து (ஜெல் ஓட்டும் பஃபர் கரைசல், 50 மடங்கு செறிவு) 500 மில்லி 1எக்ஸ் எப்படித் தயாரிப்பீர்கள் என்று கேட்டால், 10 மில்லி எடுத்து 490 மில்லி தண்ணீர் சேர்ப்பேன் என்று யோசிக்காமல் வர வேண்டும். டி.என்.ஏ.வைப் பிரித்துப் பார்க்கும் 1 சதவீத ஜெல் 50 மில்லிக்கு அரை கிராம் அகரோஸ் தூள்.

டி.என்.ஏ.வைப் பல மடங்கு பெருக்கும் பி.சி.ஆரை எடுத்துக்கொள்வோம். 25 மைக்ரோலிட்டருக்கு 10எக்ஸ் பஃபர் 2.5, 10 மில்லிமோலார் டி.என்.டி.பி. (டி.என்.ஏ.வின் கட்டுமானக் கற்கள்) 0.5, 10 மைக்ரோமோலார் பிரைமர் (நகலெடுப்பைத் தொடங்கிவைக்கும் சிறு டி.என்.ஏ. துண்டு) இரண்டும் தலா 0.5, டாக் (நகலெடுக்கும் என்சைம்) 0.125, டெம்ப்ளேட் (நகலெடுக்க வேண்டிய டி.என்.ஏ.) 1, மீதி 19.875 தண்ணீர். 0.125ஐ எந்தப் பிப்பெட்டிலும் நம்பி எடுக்க முடியாது. அதனால்தான் மாஸ்டர் மிக்ஸ், அதாவது டெம்ப்ளேட் தவிர மற்றதை எல்லா டியூபுக்கும் சேர்த்து ஒன்றாகக் கலப்பது. சாம்பிள் 18, பாசிடிவ் கண்ட்ரோல் (கட்டாயம் பெருக வேண்டியது) 1, நெகடிவ் கண்ட்ரோல் (டெம்ப்ளேட்டுக்குப் பதில் தண்ணீர்) 1 என்று 20 டியூப் இருந்தால், வீணாவதற்கும் சேர்த்து 22க்குக் கலக்குங்கள். அப்போது டாக் 2.75 ஆகிவிடும், பி20இல் (20 மைக்ரோலிட்டர் வரை எடுக்கும் பிப்பெட்) எடுக்கலாம். டியூபுக்கு 24 வீதம் ஊற்றிவிட்டு, டெம்ப்ளேட்டைக் கடைசியில் சேருங்கள்.

கெட்டுப்போகும் இடங்கள் சில உண்டு. டி.என்.டி.பி. முழுதாக உருகாமலே எடுத்துவிடுவார்கள். உருகிய பகுதி ஒரே சீராக இருக்காது, செறிவு தப்பிவிடும். உருகியதும் நன்றாகக் கலக்கி ஒரு முறை சென்ட்ரிஃபியூஜில் சுழற்றி இறக்கிய பிறகே திறக்க வேண்டும். டாக் கிளிசராலில் இருக்கிறது. டிப்பை ஆழமாக முக்கினால் வெளிப்புறத்தில் ஒட்டிக்கொண்டு கூடுதலாகப் போகும். நுனி மட்டும் திரவத்தைத் தொட, மெதுவாக இழுங்கள். எடுக்கும்போது பிப்பெட் பொத்தானை முதல் நிறுத்தம் வரைதான் அழுத்த வேண்டும். இரண்டாவது வரை அழுத்தி உறிஞ்சினால் அளவு கூடிவிடும். பிப்பெட்டைச் சந்தேகித்தால் தராசில் 100 மைக்ரோலிட்டர் தண்ணீர் வையுங்கள், 100 மில்லிகிராமை ஒட்டி வர வேண்டும்.

நெகடிவ் கண்ட்ரோலை மிச்சப்படுத்தவே கூடாது. அதில் பேண்ட் (ஜெல்லில் தெரியும் டி.என்.ஏ. கோடு) வந்தால் அந்த ஜெல்லில் வேறெந்தப் பேண்டையும் நம்ப முடியாது. முதலில் தண்ணீரை மாற்றிப் பாருங்கள், பிறகு பிரைமரின் புது அலிகோட் (பிரித்து வைத்த சிறு பங்கு), அதன்பின் பஃபர். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றினால் அழுக்கு எதில் இருந்தது என்று தெரியாமலே போய்விடும்.