இரண்டு ஆள் வண்டியும் ஒற்றை ஆள் வண்டியும்

லைன், அதாவது தூர ஊர்களுக்கு லாரி, ஓட்டினவர்கள் நாலு பேர் ஒரு டீக்கடையில் உட்கார்ந்தால் பேச்சு எப்படியும் பழைய வண்டி நல்லதா, புது வண்டி நல்லதா என்பதில்தான் வந்து நிற்கும். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓட்டுகிறவன் உடம்புக்குப் புது வண்டிதான் நல்லது, அதில் எனக்கு இரண்டாம் பேச்சே இல்லை. ஆனால் பழைய வண்டி ஒரு டிரைவரை உருவாக்கியது, புது வண்டி அதைச் செய்வதில்லை. சங்ககிரி, திருச்செங்கோடு, நாமக்கல் பக்கம் டிரைவர் கிடைக்கவில்லை என்று வண்டி வைத்திருக்கும் எல்லோரும் புலம்புகிறோமே, சம்பளம், கல்யாணத்துக்குப் பெண் கிடைக்காதது என்று அதற்கு ஆயிரம் காரணம் சொன்னாலும், பாதிக் காரணம் இதுதான் என்று நான் நம்புகிறேன்.

நான் டிரைவருக்கு உதவியாளாக, அதாவது கிளீனராக, ஏறிய காலத்தில் கம்பெனியிலிருந்து வண்டி இன்ஜினும் சட்டமும் சக்கரமும் மட்டும் உள்ள வெறும் சேஸாகத்தான் வரும். கேபினும் பாடியும் நாமக்கல், சங்ககிரி பட்டறைகளில் மரத்தில் கட்டுவார்கள். தச்சர், தகடு வேலைக்காரர், பெயின்டர் என்று ஒரு வண்டிக்குப் பத்துக் கை படும், பார்க்க அவ்வளவு அழகாக இருக்கும். ஆனால் அதற்குள் உட்கார்ந்து ஜவ்வரிசி லோடோடு நாக்பூர் வரைக்கும் போனவனுக்குத்தான் அதன் மறுபக்கம் தெரியும். இன்ஜின் பானெட் பாதி கேபினுக்குள் இருக்கும். மே மாதத்தில் ஆதிலாபாத் தாண்டும்போது டிரைவரின் இடது கால் வெந்துபோகும், ஈரச் சாக்கை மடித்து பானெட் மேல் போட்டுக்கொண்டு ஓட்டுவார்கள். பவர் ஸ்டீயரிங் கிடையாது. லோடு வண்டியை மண்டிக்குள் சந்தில் திருப்ப வேண்டுமானால் சீட்டை விட்டு எழுந்து நின்று இரண்டு கையாலும் இழுக்க வேண்டும். கியர் போட ஒவ்வொரு முறையும் டபுள் கிளட்ச், அதாவது கிளட்சை இரண்டு தடவை மிதிக்க வேண்டும். அந்தத் தலைமுறையில் இடுப்பு வலியோ தோள் வலியோ இல்லாத டிரைவர் ஒருவரையும் நான் பார்த்ததில்லை.

இன்னொன்று, பழைய வண்டிக்கு இழுவை கிடையாது என்று பொதுவாகச் சொல்வார்கள். அதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். டாடா வண்டியின் நம்பரிலேயே விஷயம் இருக்கிறது. 1210 என்றால் மொத்த எடை சுமார் 12 டன், இன்ஜின் சுமார் 100 ஹெச்பி. 1612 என்றால் 16 டன், 120 ஹெச்பி. இப்போது ஓடுகிற 2823 வகைப் பத்துச் சக்கர வண்டிக்கு 28 டன், 230 ஹெச்பி. வகுத்துப் பார்த்தால் ஒரு டன்னுக்கு அன்றைக்கும் ஏறக்குறைய எட்டு, இன்றைக்கும் எட்டுதான். அப்புறம் ஏன் பழைய வண்டி மேட்டைக் கண்டால் மூச்சு வாங்கியது? அதன் மேல் ஏற்றிய பாரம் அப்படி. ஆர்.சி. புத்தகத்தில், அதாவது வண்டியின் பதிவுச் சான்றில், எழுதியிருக்கிற எடைக்கு யார் ஓட்டினார்கள்? ஒன்றரை மடங்கு ஏற்றாவிட்டால் வாடகை கட்டாது. ஓவர்லோடு கூடாது என்று 2005-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகும் அது உடனே நின்றுவிடவில்லை. 2018-ல் பத்துச் சக்கர வண்டிக்கு 25 டன்னை 28.5 டன்னாக அரசே ஏற்றிக் கொடுத்த பிறகு, சட்டப்படி ஓட்டியும் ஓரளவு கட்டுபடியாகும் நிலை வந்தது. ஆகவே பழைய இன்ஜினைக் குறை சொல்லும்போது அது தூக்கிய பாரத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். டர்போ இல்லாத இன்ஜின், ஐந்தே கியர், அதைக் கொண்டுதான் அவ்வளவையும் இழுத்தது.

மேடு ஏறும்போது கிளீனருக்குத்தான் வேலை. கையில் ஒரு கட்டையை எடுத்துக்கொண்டு வண்டியின் பின்சக்கரத்தை ஒட்டி நடந்தே வர வேண்டும். முதல் கியரில் ஊர்ந்து போகும் வண்டி நின்றுவிட்டால், பின்னால் உருளுவதற்குள் கட்டையைச் சக்கரத்துக்குக் கொடுக்க வேண்டும். இறக்கத்துக்கு முன்னால் வேறு வேலை. தொப்பூர் கணவாயில் இறங்குவதற்கு முன் வண்டியை ஓரங்கட்டி, ஸ்பேனரோடு அடியில் படுத்து ஒவ்வொரு சக்கரத்துக்கும் பிரேக் டைட் வைக்க வேண்டும். எந்தச் சக்கரம் பிடிக்கிறது, எது பிடிக்கவில்லை, டிரம்மில் கை வைத்தால் எவ்வளவு சூடு என்பதெல்லாம் அப்படித்தான் பழகியது. இப்போது பிரேக் தானாகவே டைட் ஆகிக்கொள்கிறது, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் இருக்கிறது, இன்ஜினை வைத்தே வேகத்தைக் குறைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக் சுவிட்சைத் தட்டினால் போதும். எல்லாமே நல்ல மாற்றம். ஆனாலும் தொப்பூரில் இன்றைக்கும் டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் இறக்குகிறவர்கள் இருக்கிறார்கள். புது இன்ஜினில் கியரிலேயே இறங்கினால் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தவுடன் டீசல் போவதே நின்றுவிடும், நியூட்ரலில் போட்டால்தான் ஐட்லிங்குக்காவது குடிக்கும். மிச்சமாகும் என்று நினைத்துச் செலவு பண்ணி, பிரேக்கையும் சூடாக்கி, உயிரையும் பணயம் வைக்கிறார்கள். இதைப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க ஒரு ஆள் இல்லை என்பதுதான் என் ஆதங்கம்.

ரிப்பேர் விஷயத்துக்கு வருகிறேன். பழைய வண்டி அடிக்கடி நிற்கும், அதை மறைத்துப் பேசக் கூடாது. பாரம் தாங்கும் ஸ்பிரிங்கின் மெயின் பட்டை முறியும், பட்டைகளைச் சேர்த்துப் பிடிக்கும் சென்டர் போல்ட் போகும், டீசல் லைனில் ஏர் பிடிக்கும், நைலான் டயர் வெயிலில் வெடிக்கும். ஆனால் நின்ற இடத்திலேயே பாதி வேலையை நாங்களே முடித்துவிடுவோம். மீதிக்குக் கர்னூலிலோ நிர்மலிலோ ரோட்டோரம் ஒரு பட்டறை இருக்கும், மொழி தெரியாவிட்டாலும் கையைக் காட்டினால் வேலை நடக்கும். புது வண்டி அப்படி நிற்பதே இல்லை, ஆனால் நின்றால் நின்றதுதான். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு டீசலோடு, புகையைச் சுத்தப்படுத்த யூரியா கரைசலும் தனி டேங்கில் ஊற்றியாக வேண்டும். 32.5 சதவீதம் யூரியா, மீதி சுத்தமான தண்ணீர். அது தீர்ந்தாலோ, தரம் கெட்டிருந்தாலோ, அதன் சென்சார் பழுதானாலோ இன்ஜின் தன் சக்தியைத் தானே குறைத்துக்கொள்ளும். என் வண்டி ஒன்று வெங்காய லோடோடு இப்படித்தான் ஹைதராபாத்துக்கு இந்தப் பக்கம் ஊர்ந்து போய் நின்றது. டேங்க் நிறைய கரைசல் இருந்தது, இன்ஜினும் ஓடியது, இழுவை மட்டும் இல்லை. லேப்டாப்போடு ஆள் வரும் வரைக்கும் டிரைவர் தம்பி போனில் என்னிடம், "அண்ணா, நான் என்ன பண்ணட்டும், சொல்லுங்கண்ணா" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். பண்ண ஒன்றுமில்லை. கடைசியில் ஒரு சென்சார் வயர் கனெக்டரில் தண்ணீர் இறங்கியிருந்தது, அவ்வளவுதான் கோளாறு. வெங்காயம் அடியில் அழுக ஆரம்பித்துவிட்டது.

அதற்காக பிஎஸ்-6 வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பழைய வண்டிப் புகையை முதலில் குடித்தது நாங்கள்தான். தார்பாய் மேல் படுத்து வந்த கிளீனர் பையன்கள் காலையில் துப்பினால் கருப்பாகத்தான் வரும். இன்று அந்தப் புகை இல்லை, அது பெரிய விஷயம்.

வேகம் கூடியதற்கும் வண்டி மட்டும் காரணம் இல்லை. நாலு வழிச்சாலை வந்தது. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்து விற்பனை வரி செக்போஸ்ட்டுகள் எடுக்கப்பட்டன. அதற்கு முன் ஓசூரில் கர்நாடக எல்லையைத் தாண்டுவதற்குள் ஜூஜுவாடியிலும் அத்திப்பள்ளியிலும் வரிசையில் நின்ற நேரத்தில் சமைத்துச் சாப்பிட்டு, குளித்து, ஒரு தூக்கமும் போட்டுவிடலாம். 2021 பிப்ரவரியில் ஃபாஸ்டேக் கட்டாயமானதும் டோல்கேட்டிலும் நிற்பது குறைந்தது. இத்தனை நேரம் மிச்சமானதே, அது டிரைவருக்குத் தூக்கமாகப் போய்ச் சேர்ந்ததா என்றால் இல்லை. முன்பு நாலு நாளில் சேர வேண்டிய லோடு இரண்டரை நாளில் சேர வேண்டும் என்று ஆனது. ஜிபிஎஸ்ஸில் வண்டி நிற்பது தெரிந்தால் புக்கிங் ஆபீஸிலிருந்து போன் வருகிறது. செக்போஸ்ட்டில் நிற்பது தொல்லைதான், ஆனால் அது கேள்வி கேட்காத ஓய்வாகவும் இருந்தது. அந்த ஓய்வை எடுத்துவிட்டு அதற்குப் பதில் எதையும் கொடுக்கவில்லை.

இதோடு கிளீனரும் போய்விட்டார். பிரேக் டைட் வைக்க வேண்டாம், கட்டை போட வேண்டாம், டியூப்லெஸ் டயர் அவ்வளவாகப் பஞ்சராவதில்லை, பிறகு எதற்கு இரண்டாவது ஆள், அவருக்கு எதற்குச் சம்பளமும், வழிச்செலவுக்கான பேட்டாவும் என்று ஓனர்கள் கணக்குப் போட்டார்கள். வாடகை இருக்கும் லட்சணத்தில் அந்தக் கணக்கைத் தப்பென்றும் சொல்ல முடியாது. ஆனால் எங்கள் ஊரில் டிரைவர் எப்படி உருவானான் என்று யாரும் யோசிக்கவில்லை. கிளீனராக ஏறி, வண்டி கழுவி, கிரீஸ் அடித்து, முதலில் ஷெட்டுக்குள் முன்னும் பின்னும் நகர்த்தி, அப்புறம் அனந்தபூர் பக்கம் காலி ரோட்டில் காலி வண்டியை ஓட்டி, லோடு வண்டியை டிரைவர் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது மட்டும் தொட்டு, அப்படி வருஷக்கணக்கில் பழகித்தான் சீட்டுக்கு வந்தோம். லைசென்ஸ் அதற்குப் பிறகு வாங்கியது.

அந்த முறையில் கொடுமையும் இருந்தது. பள்ளிக்கூடம் போக வேண்டிய பையன்கள் ஏறினார்கள், அடி வாங்கினார்கள், சாப்பாட்டுக்கும் கைச்செலவுக்கும் மட்டும் உழைத்தார்கள். அது அப்படியே திரும்பி வரவே கூடாது. ஆனால் அதை எடுத்த இடத்தில் வேறு என்ன வைத்தோம்? ஹெவி லைசென்ஸ் வாங்கிய இளைஞன் ஒருவன், மழையில் லோடோடு கணவாய் இறங்கிப் பார்க்காமலே, முதல் ட்ரிப்பிலேயே தனியாக இரண்டாயிரம் கிலோமீட்டர் போகிறான். 2025 அக்டோபரிலிருந்து தயாராகும் லாரிகளுக்கு ஏசி கேபின் கட்டாயம் என்று சட்டம் வந்திருக்கிறது, அதை நான் மனதார வரவேற்கிறேன், பானெட் சூட்டில் வெந்தவனுக்கு அதன் அருமை தெரியும். அந்தக் கேபினில் இன்னொரு சீட்டும் பின்னால் படுக்கையும் இருக்கிறது. வடக்கே போகிற வண்டிகளில் பெரும்பாலும் அது காலியாகத்தான் போகிறது.

என்னிடம் இருக்கும் வண்டிகளில் நீண்ட லைனுக்கு இரண்டாவது ஆளை அனுப்ப ஆரம்பித்திருக்கிறோம். பதினெட்டு வயது தாண்டியவர்களைத்தான் சேர்க்கிறோம், கிளீனர் என்று இல்லாமல் பழகும் டிரைவர் என்று தனிச் சம்பளமும் பேட்டாவும் கொடுக்கிறோம். ட்ரிப்புக்கு ட்ரிப் கையைக் கடிக்கிறது. டயர் தேய்வதும் டீசலும் கொஞ்சம் குறைந்திருப்பதால் அதில் ஒரு பகுதி திரும்பி வருகிறது, முழுதாக வரவில்லை. தனி ஓனர் ஒருவர் இதை நெடுநாள் தாங்க முடியாது. லோடு கொடுக்கிற கம்பெனிகள் வாடகைப் பேச்சில் இரண்டாவது ஆளின் பேட்டாவையும் சேர்த்து ஒத்துக்கொள்ள வேண்டும், ஓனர் சங்கங்கள் டீசல் விலைக்கும் டோலுக்கும் குரல் கொடுக்கிற மாதிரி இதற்கும் உட்கார்ந்து பேச வேண்டும். சங்கக் கூட்டத்தில் நான் இதை எடுத்தபோது இரண்டு மூன்று பேர்தான் சரி என்றார்கள். அடுத்த கூட்டத்திலும் எடுக்கப் போகிறேன்.