உன்னைத் தவிர எல்லாரும்

நான் வேலை பார்த்த கேபிள் டிவி ஆபீசில், சாயங்காலம் ஆறு மணிக்கு அனிமேக்ஸ் என்ற ஜப்பான் கார்ட்டூன் சேனலை எடுத்துவிட்டு எங்கள் லோக்கல் சேனலைப் போடுவது ஓனர் சொன்னதல்ல, நான் வைத்த டைம்தான். அது தப்பு என்று இப்போதும் எனக்குத் தோன்றவில்லை. செட்டாப் பாக்ஸ் வராத அனலாக் காலம். படம் தெளிவாக வரும் இடங்களில் தூர்தர்ஷனுக்குச் சட்டப்படி விட வேண்டும், மலையாளச் சேனல்கள் வேண்டும், பாலக்காட்டில் தமிழ் பேசும் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தமிழ்ச் சேனல் ஒன்று குறைந்தாலும் ஆபீசுக்கே வந்துவிடுவார்கள். மிச்சம் இருந்த ஒரு மாடுலேட்டரில், அதாவது ஒரு சேனலைக் கேபிளில் ஏற்றும் பெட்டியில், பகலில் ஜப்பான் கார்ட்டூன், ஆறுக்கு மேல் நகைக்கடை விளம்பரமும் கோயில் விசேஷமும். பின்னால் ஒரு ஏவி வயரைப் பிடுங்கி இன்னொன்றைச் செருக வேண்டும், அவ்வளவுதான் வேலை.

அந்தப் பையன் ப்ளஸ் டூ. மாதப் பணம் கட்ட சனிக்கிழமை வந்தவன், ரசீதை வாங்கிக்கொண்டும் போகவில்லை.

"அண்ணா, திங்கட்கிழமை கடைசி எபிசோடுங்ணா. அன்னைக்குக் காலையில இருந்தே லைவ்னு கீழ எழுத்து ஓடுது. அஞ்சரையில இருந்து ஆறு வரைக்கும் மட்டும் விடுங்ணா."

திங்கட்கிழமை கொங்கன்படை. பாலக்காட்டுச் சித்தூர் பகவதி கோயிலில், கொங்கு நாட்டிலிருந்து படையெடுத்து வந்த கொங்கனை விரட்டியடித்த கதையை வருஷா வருஷம் நடத்திக் காட்டுவார்கள். கொங்குத் தமிழ் பேசும் நாங்கள்தான் அதற்குக் கேமரா பிடித்து லைவ் போடுவோம். அதை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரும், ஓனருக்கு வராது. அவருக்கு வருஷத்தில் பெரிய விளம்பர வசூலே அன்றைக்குத்தான்.

முடியாது தம்பி என்றேன். ராத்திரி மறுபடி போடுவார்களே, அதையாவது விடுங்கள் என்றான். ராத்திரியும் லைவ்தான் என்றேன். அப்புறம் அவன் கேட்டான்:

"லோக்கலை எத்தனை பேருங்ணா பாப்பாங்க?"

"உன்னைத் தவிர எல்லாரும்."

உள்ளேயிருந்து ஓனர் சத்தமாகச் சிரித்தார். பையனும் லேசாகச் சிரித்த மாதிரிதான் இருந்தது. போய்விட்டான்.

இதில் என்ன இருக்கிறது? தினம் பத்துப் பேரிடம் இதைவிடக் கடுமையாகப் பேசியிருக்கிறேன். ஆனால் அந்த "எல்லாரும்" எனக்கு எங்கிருந்து கிடைத்தது என்று யோசித்தால் பிடிபடவே இல்லை. யார் எதைப் பார்க்கிறார்கள் என்று அளக்கும் அன்றைய டிஆர்பி மீட்டரெல்லாம் லட்சம் பேருக்கு மேல் இருக்கும் டவுன்களில்தான். 2015-ல் அந்த வேலைக்கு பார்க் (BARC) அமைப்பு வந்த பிறகுதான் கிராமத்தையும் எண்ண ஆரம்பித்தார்கள். எங்கள் பக்கம் எவன் எதைப் பார்க்கிறான் என்று யாருக்கும் தெரியாது. எனக்கு இருந்த ஒரே கணக்கு போன். கிரிக்கெட் போனால் போன் அலறும், சீரியல் போனால் அலறும். அனிமேக்ஸுக்காக ஒரு போன்கூட வந்ததில்லை. ஆனால் கார்ட்டூன் பார்க்கிற பிள்ளைகள் கேபிள்காரனுக்கு போன் போடுமா? வீட்டில் போன் இருந்தது அப்பா கையில். நல்லதாப் போச்சு, இனியாவது படி என்றுதான் அவர் நினைத்திருப்பார்.

இன்னொரு பக்கம், அந்தச் சேனலே அப்படித்தான் ஓடியது. ஜப்பானில் வாரம் ஒன்றாக அரை வருஷம் ஓடும் 26 எபிசோடை இங்கே திங்கள் முதல் வெள்ளி வரை தினம் ஒன்றாகப் போட்டால் ஐந்து வாரத்தில் 25 முடியும், கடைசி ஒன்று மட்டும் ஆறாவது திங்கட்கிழமையில் தனியாகத் தொங்கும். கையில் இருக்கிற தொடர்களைச் சுற்றிச் சுற்றிப் போட்டுத்தான் இந்த மாதிரிச் சேனல் 24 மணி நேரத்தை ஓட்டும். விட்டதை என்றாவது பிடித்துவிடலாம். இதை நான் பையனிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் என்ன, ஐந்து வாரம் காத்திருந்தவனிடம் இன்னும் சில மாதம் பொறு என்று சொல்வது ஆறுதலா என்ன?

இதை ஒருநாள் வீட்டில் சொன்னபோது மனைவி வேறொன்று கேட்டாள். டிஷ்ஷும் பாக்ஸும் ஓடிக்கொண்டுதானே இருந்தது, மாடுலேட்டருக்குப் போகிற வயரைத்தானே மாற்றினீர்கள், அவனைக் கண்ட்ரோல் ரூமுக்கு வரச்சொல்லி மானிட்டரில் காட்டியிருக்கலாமே என்று. எனக்குக் கோபம் வந்துவிட்டது. அது என்ன சினிமாக் கொட்டகையா? திருவிழா நாளில் கேமராக்காரர்களும் வயருமாக உள்ளே கால் வைக்க இடம் இருக்காது. ஓனர் பார்த்தால் அவனுக்குப் பின்னாலேயே என்னையும் வெளியே அனுப்பியிருப்பார். எல்லாம் நிஜம்தான். ஆனாலும் அவள் சொல்லும்வரை எனக்கு அது தோன்றக்கூட இல்லையே என்பதற்கு இந்தக் காரணம் எதுவும் பொருந்தவில்லை.

அப்புறம் செட்டாப் பாக்ஸ் வந்தது, லோக்கலுக்குத் தனி நம்பர் கிடைத்தது, வயர் பிடுங்குகிற வேலை போனது. 2017 ஏப்ரல் 18-ல் அனிமேக்ஸே போய், அந்த இடத்தில் சின்னப் பிள்ளைகளுக்கான சோனி யாய் வந்தது, தமிழிலும். பார்க்க ஆளில்லாமல்தானே மூடினார்கள் என்று ஓனர் சொன்னபோது, ஆமாம் என்று நானும் தலையாட்டினேன். கொங்கன்படை லைவ் அன்றைக்கு எங்களுக்கு வந்தது ஒரே ஒரு போன், விளம்பரம் கொடுத்த நகைக்கடைக்காரருடையது, தன் விளம்பரம் எப்போது வரும் என்று கேட்டு.