14-ஆம் நம்பர் குச்சி

அந்த 500 ஏக்கரை நான் முதன்முதலில் பார்த்தது கணினித் திரையில்தான். கமுதிக்கும் முதுகுளத்தூருக்கும் நடுவில் மானாவாரி நிலம், பாதிக்கு மேல் சீமைக்கருவேலம். 100 மெகாவாட் சூரிய மின் நிலையம் அங்கே வரவேண்டும் என்பது திட்டம். மெகாவாட்டுக்கு 5 ஏக்கர் என்பது எங்கள் தொழிலில் வாய்ப்பாடு மாதிரி. 2016-ல் கமுதிப் பக்கம் 648 மெகாவாட் நிலையம் எழுந்த பிறகு, சும்மா கிடந்த தரிசைத் தேடியும் தரகர்கள் வர ஆரம்பித்திருந்தார்கள்.

பலகை வரிசைகளை வரைபடத்தில் அடுக்குவது என் வேலை. சூரிய மின் நிலையம் என்றதும் எல்லாரும் வெயிலைப் பற்றித்தான் கேட்பார்கள். வெயில் கணக்கு ஒரு வாரத்தில் முடிந்துவிடும். ராஜஸ்தானில் பலகையை 25 டிகிரி போல நிமிர்த்த வேண்டும். ராமநாதபுரத்தில் தெற்குப் பார்த்து 10 டிகிரி சாய்த்தால் போதும். நிழல் குறைவு, வரிசைகளை நெருக்கி வைக்கலாம். அப்புறம், பக்கத்துத் துணைமின் நிலையம் நம் மின்சாரத்தைத் தாங்குமா, அதுவரை கோபுரம் நடும் வழியில் யார் யார் காடு இருக்கிறது என்ற கேள்விகள். வருஷக் கணக்கில் இழுப்பது காகிதம்தான்.

பட்டா, அ-பதிவேடு, வில்லங்கச் சான்று, நிலத்தின் எல்லை காட்டும் புலப்படம். 80-களில் நில ஆவணங்களைப் புதுப்பிக்க நடந்த யு.டி.ஆர். கணக்கெடுப்பில் பெயர் தவறிப்போன பட்டாக்கள் இன்னும் திருத்தப்படாமலே கிடக்கின்றன. ஒரு சர்வே எண்ணுக்கு 19 வாரிசுகள் வந்தார்கள். பாதிப் பேர் திருப்பூரில், ஒருவர் எங்கே என்று யாருக்கும் தெரியாது. நில உச்சவரம்புச் சட்டம் இருப்பதால் இவ்வளவு நிலத்தை நிறுவனம் வைத்துக்கொள்ள அரசின் தனி அனுமதியும் வேண்டும். அதற்கென்று ஒரு தனிக் கோப்பு.

இத்தனை காகிதத்தில் ஊர் பேசுவதற்கென்று ஒரு காகிதமும் கிடையாது. அனல் மின் நிலையம் என்றால் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும், மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடக்கும். சூரிய ஒளி மின் நிலையம் அந்த அனுமதிக்கான 2006-ஆம் ஆண்டு மத்திய அரசு அறிவிக்கையின் பட்டியலில் இல்லை. புகை இல்லை, சத்தம் இல்லை, எதற்குக் கூட்டம் என்று நானும் அப்போது நினைத்தேன். ஊராட்சியின் ஒப்புதல் வாங்கினோம், சரி. ஆனால் அந்தக் காட்டில் ஆடு மேய்ப்பவருக்கும் கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம் போடுபவருக்கும் பட்டா கிடையாது. பட்டா இல்லாதவர் எங்கள் பட்டியலில் எந்தக் கட்டத்திலும் வரமாட்டார்.

ஆவணி மாதம், எல்லைக்கும் வரிசைக்கும் முளைக்குச்சி அடித்துக்கொண்டு போனோம். சிவப்புப் பெயின்ட் தலையோடு 14-ஆம் நம்பர் குச்சியை அடித்தபோது ஆட்டுக்காரப் பெரியவர் ஒருவர் பக்கத்தில் வந்து நின்றார்.

“தம்பி, இது வரத்துக்கால்ல. இதுல எதுக்கு முளை அடிக்கிறீக?”

கண்மாய்க்குத் தண்ணீர் வரும் கால்வாயைச் சொன்னார். குனிந்து பார்த்தேன். கால் முட்டி ஆழம்கூட இல்லாத பள்ளம். கரிசல் மண் வெடித்துக் கிடந்தது. புலப்படத்தில் அந்த இடத்தில் ஒரு கோடும் இல்லை. முழுக்கப் பட்டா நிலம். எங்கள் டிரோன் வரைபடத்தில் லேசான தாழ்வு தெரிந்தது உண்மைதான். அதை மண் போட்டு நிரவி, மழைத் தண்ணீரை வேலியோரம் சாக்கடை வெட்டிக் கிழக்கே தள்ளிவிடுவதாக நானே வரைந்திருந்தேன்.

“தண்ணியக் கிழக்க திருப்பலாம் ஐயா” என்றேன்.

“கிழக்க வேற ஊரு கம்மாயில்ல இருக்கு? எங்க கம்மாய்க்கு எது வரும்?”

அவர் கோபப்படவில்லை. கணக்குத் தெரியாத பையனிடம் பேசுகிற மாதிரிப் பேசினார். ஒரு மணி நேரம் என்னைக் கூட்டிக்கொண்டு நடந்தார். எங்கே தண்ணீர் சேரும், எங்கே பிரியும், எந்த மடைக்குப் போகும் என்று கம்பால் காட்டினார். அந்தக் கண்மாயை நம்பித்தான் கீழே நெல்லும், அதற்கப்புறம் கொஞ்சம் மிளகாயும்.

அலுவலகத்தில் சொன்னேன். “ரெவின்யூ ரெக்கார்டில் இல்லாத ஓடைக்கு நாம் ஏன் இடம் விடவேண்டும்?” என்றார்கள். எனக்கும் பதில் தெரியவில்லை. ஐப்பசியில் மழை பிடித்ததும் போய்ப் பார்த்தேன். 14-ஆம் குச்சியின் சிவப்புத் தலை மட்டும் வெளியே தெரிந்தது. செம்பழுப்பாகத் தண்ணீர் இரண்டு பக்கமும் சுழித்துக்கொண்டு தெற்கே, அவர் சொன்ன மடைப் பக்கமே, போய்க்கொண்டிருந்தது. படம் எடுத்தேன்.

அறிக்கையில் கண்மாயைப் பற்றி நான் எழுதவில்லை. ‘இன்வெர்ட்டர் அறைக்கும் கேபிள் பள்ளத்துக்கும் வெள்ள அபாயம்’ என்று எழுதினேன். அதுவும் பொய்யில்லை. ஒரே வாரத்தில் ஒப்புக்கொண்டார்கள். 40 மீட்டர் அகலத்தில் 1,200 மீட்டர் நீளத்துக்கு ஓடை அப்படியே விடப்பட்டது. ஏறக்குறைய 12 ஏக்கர், இரண்டரை மெகாவாட் போனது. காரியம் ஆயிற்று என்று சந்தோஷம்தான். ஆனாலும் அந்த ஊர்ப் பெயர்கூட இல்லாத அந்த அறிக்கையைத் திரும்பப் படிக்க எனக்குப் பிடிக்காது.

பலகை கழுவும் தண்ணீரைப் பற்றியும் அந்தப் பெரியவர்தான் முதலில் கேட்டார். அன்றிரவு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 2,60,000 பலகை, பலகைக்கு ஒன்றரை லிட்டர். ஒரு தடவை கழுவ 3,90,000 லிட்டர், 12,000 லிட்டர் லாரியில் 33 நடை. குடிக்கவே தண்ணீரை விலைக்கு வாங்கும் ஊர்கள் அவை. தண்ணீர் இல்லாமல் துடைக்கும் இயந்திரத்துக்கு விலைப்புள்ளி வாங்கி வைத்தேன். அது என்ன ஆனது என்று பார்க்கும்வரை நான் அங்கே இருக்கவில்லை.

வேலையை விடுவதற்கு முன்னால் கடைசியாக ஒரு தடவை போனேன். துணைமின் நிலையத்தில் இடம் ஒதுக்கீடு வராமல் திட்டம் காகிதத்திலேயே நின்றிருந்தது. குச்சிகளில் பாதியைக் கருவேலம் மூடிவிட்டது. 14-ஆம் நம்பர் மட்டும் பளிச்சென்று நின்றது. பெரியவர் அதில் ஓர் ஆட்டுக்குட்டியைக் கட்டியிருந்தார்.

“பிடுங்கிறாதீக தம்பி, நல்லா ஊணியிருக்கு” என்றார்.