அழுத குழந்தையின் செவிப்பறை

அழுகிற குழந்தையின் செவிப்பறை சிவந்துதான் இருக்கும். காய்ச்சல் அடித்தாலும் சிவக்கும், குறும்பி எடுக்கிறேன் என்று காதைக் குடைந்தாலும் சிவக்கும். இது தெரிந்தும், 'காது சிவப்பு' என்று சீட்டில் எழுதி ஆன்டிபயாடிக் கொடுத்து அனுப்புவது குழந்தைகள் புறநோயாளிப் பிரிவில் அன்றாடம் நடக்கிறது. நடுக்காதில் சீழ் கோத்திருக்கிறதா என்பதைச் சொல்வது நிறமல்ல, பறையின் வடிவம். நல்ல செவிப்பறை முத்துச் சாம்பல் நிறத்தில், லேசாக உள்வாங்கி, ஒளி ஊடுருவும்படி இருக்கும். அதன் உட்பக்கம் ஒட்டியிருக்கும் சுத்தியல் எலும்பின் காம்பு தெளிவாகத் தெரியும். சீழ் அழுத்தும்போது பறை வெளிப்பக்கமாக உப்பிவிடும். எலும்புக் காம்பு பிடித்திருக்கும் நடுப்பகுதி மட்டும் குழிந்து, பொத்தான் தைத்த மெத்தை மாதிரி ஆகிவிடும். அந்தப் புடைப்பு இல்லையென்றால், காதில் சீழ் வடியவும் இல்லையென்றால், எவ்வளவு சிவந்திருந்தாலும் நடுக்காதுத் தொற்று என்று சொல்லத் தயங்க வேண்டும்.

ஆனால் அந்த வடிவத்தைப் பார்க்க ஒரு விநாடியாவது பறை கண்ணில் நிற்க வேண்டுமே. பாதித் தவறுகள் குழந்தையைப் பிடிக்கும் விதத்திலேயே வந்துவிடுகின்றன. அம்மா மடியில் பக்கவாட்டில் உட்கார வைத்து, கால்களை அவர் தொடைகளுக்கு நடுவில் இடுக்கிக்கொள்ளச் சொல்ல வேண்டும். அவருடைய ஒரு கை குழந்தையின் இரண்டு கைகளையும் சேர்த்து அணைக்கும். மறு கை தலையைத் தன் மார்போடு சேர்த்துப் பிடிக்கும். மேசையில் படுக்க வைத்து நான்கு பேர் அமுக்குவதைவிட இதில் அழுகையும் குறைவு, அசைவும் குறைவு. காதுக்குள் பார்க்கும் விளக்குக் கருவியான ஓட்டோஸ்கோப்பைப் பேனா பிடிப்பதுபோல் பிடித்து, சுண்டுவிரலைக் குழந்தையின் கன்னத்தில் ஊன்றிக்கொள்ள வேண்டும். தலை திடீரென்று திரும்பினால் கருவியும் கூடவே திரும்பும், காதுக்குள் குத்தாது. கைக்குழந்தைக்குக் காது மடலைக் கீழும் பின்னுமாக இழுக்க வேண்டும். மூன்று வயதைத் தாண்டியவர்களுக்கு மேல்நோக்கியும் பின்னோக்கியும். கருவியின் நுனியில் மாட்டும் கூம்பு, அதாவது ஸ்பெக்குலம், காதுக்குள் வலிக்காமல் போகக்கூடியதிலேயே பெரியதாக இருக்கட்டும். சிறியது சுலபமாகப் போகும் என்று 2.5 மில்லிமீட்டரை எல்லோருக்கும் போடுகிறார்கள். அது ஆழமாகப் போய் உட்பக்க எலும்புச் சுவரில் இடிக்கும். அங்கே தோல் மிக மெல்லியது, லேசாகப் பட்டாலே உயிர் போகிற வலி. அதன்பின் அடுத்த காதைக் குழந்தை காட்டுமா?

வலிக்காத காதை முதலில் பாருங்கள். இந்தக் குழந்தையின் நல்ல காது எப்படி இருக்கும் என்று அதிலிருந்தே தெரிந்துவிடும்.

விளக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. பழைய ஹாலஜன் பல்புக் கருவிகளில் பேட்டரி இறங்க இறங்க வெளிச்சம் மஞ்சளாகும். மஞ்சள் வெளிச்சத்தில் எந்தப் பறையும் பின்னால் நீர் கோத்ததுபோல் தெரியும். பிற்பகலில் 'நீர் கோத்த காது' எண்ணிக்கை கூடினால் முதலில் கருவியைச் சார்ஜ் போடுங்கள்.

ஓட்டோஸ்கோப்பில் ரப்பர் காற்றுப் பல்பு இணைத்துப் பறையின் அசைவைப் பார்க்கும் முறை இருக்கிறது. நேரமில்லை என்று பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். பல்பை லேசாக அமுக்கும்போது நல்ல பறை உள்ளே போய், விட்டதும் வெளியே வரும். பின்னால் திரவம் இருந்தால் அசையாது, அல்லது சோம்பலாக அசையும். இதில் ஏமாற்றுவது காற்றுக் கசிவு. பல்பை அமுக்கிக்கொண்டு ஸ்பெக்குலத்தின் நுனியை விரலால் அடைத்துப் பிடியை விட்டால், பல்பு அமுங்கியபடியே இருக்க வேண்டும். உப்பி எழுந்தால் லென்ஸோ குழாயோ சரியாகப் பொருந்தவில்லை. இதைப் பார்க்காமல் 'பறை அசையவில்லை' என்று எழுதினால் அது கருவியின் கோளாறு, காதின் கோளாறு அல்ல.

காய்ச்சலும் இல்லை, வலியும் இல்லை, பறை அசையவில்லை என்றால் அது பசைக் காது, அதாவது தொற்றில்லாமல் நடுக்காதில் திரவம் தேங்கிய காது. வீட்டில் வேறு மாதிரி புகார் வரும்: கூப்பிட்டால் திரும்புவதில்லை, டிவி சத்தத்தைக் கூட்டுகிறான், வகுப்பில் கவனமில்லை. பறையின் அசைவைக் கோடாக வரைந்து காட்டும் டிம்பனோகிராம் எடுத்தால் சிகரமில்லாத தட்டைக் கோடு, அதாவது பி வகை வரும். கோட்டை மட்டும் பார்த்துவிட்டு, பக்கத்தில் அச்சாகியிருக்கும் வெளிக்காதுக் குழாயின் கொள்ளளவைப் பார்க்காமல் விடுவதுதான் தவறு. தட்டைக் கோடும் இயல்பான கொள்ளளவும் என்றால் நீர். கொள்ளளவு மிக அதிகமென்றால் பறையில் ஓட்டை. மிகக் குறைவென்றால் குறும்பி அடைத்திருக்கிறது, அல்லது காதில் வைக்கும் நுனி (புரோப்) காதுச் சுவரில் மோதி நிற்கிறது. ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு வழக்கமான 226 ஹெர்ட்ஸ் ஒலியை நம்பக் கூடாது. 1000 ஹெர்ட்ஸ் வேண்டும். பசைக் காது பெரும்பாலும் தானாக வடிந்துவிடும். அதனால் மூன்று மாதம் பொறுத்து, கேட்கும் திறனைச் சோதித்த பிறகே அடுத்த பேச்சு.

காதுக்குள் எதையாவது போட்டுக்கொண்டு வந்தால், தண்ணீர் பீய்ச்சும் முன் அது என்னவென்று தெரிய வேண்டும். விதை, பயறு வகை என்றால் தண்ணீரில் ஊதிப்போய் இன்னும் இறுகிக்கொள்ளும். பொத்தான் பேட்டரி என்றால் சில மணி நேரத்திலேயே சதையை அரித்துவிடும். நாளைக்கு வாருங்கள் என்ற பேச்சே கூடாது. ஒரு பக்க மூக்கில் மட்டும் நாற்றமடிக்கும் சளி வந்தாலும் இதே சந்தேகம் வரட்டும்.

தொண்டையைக் கடைசியில் பாருங்கள். நாக்கை அழுத்தும் கட்டையைக் கண்டதுமே வாயை மூடும் குழந்தை, அதன் பிறகு காதையும் தராது. நன்றாக வாய் திறந்து நாய்க்குட்டி மாதிரி இரைக்கச் சொன்னால் பல குழந்தைகளுக்கு நாக்கு தானாகத் தாழும், கட்டையே வேண்டாம். வேண்டியிருந்தால் நடுவில் வைக்காமல், கடைவாய்ப் பக்கமாக நுழைத்து நாக்கை அழுத்துங்கள். பின்னால் போனால் ஓங்கரிக்கும். அந்த ஒரு நொடியில் டான்சில் இரண்டும் நடுவுக்கு வந்து காட்சி தரும். அதற்குள் பார்த்துவிட வேண்டும்.

டான்சிலில் வெள்ளைப் புள்ளி இருந்தால் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் (ஸ்ட்ரெப்) பாக்டீரியா என்று முடிவு கட்டாதீர்கள். மூக்கொழுகலும் இருமலும் கண் சிவப்பும் சேர்ந்து வந்தால் பெரும்பாலும் வைரஸ். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையில் ஸ்ட்ரெப் தொண்டை அரிது. 38 டிகிரிக்கு மேல் காய்ச்சல், கழுத்தின் முன்பக்க நெறிக்கட்டில் வலி, டான்சில் வீக்கம் அல்லது வெள்ளை, இருமல் இல்லாமை, மூன்றிலிருந்து பதினான்கு வயது: இவற்றில் மூன்று நான்கு சேர்ந்தால்கூட ஒரு ஸ்வாப், அதாவது பஞ்சுக்குச்சியால் தொண்டை மாதிரி, எடுத்து உறுதி செய்வதே சரி. மோனோநியூக்ளியோசிஸ் என்ற வைரஸ் காய்ச்சலும் இதே வேஷத்தில் வரும். அதற்கு அமாக்சிசிலின் கொடுத்தால் உடம்பெல்லாம் தடிப்பு எழும்பலாம். அப்படி எழும்பினால் குழந்தைக்குப் 'பென்சிலின் ஒவ்வாமை' என்ற முத்திரை காலத்துக்கும் ஒட்டிக்கொள்ளும். சாம்பல் நிறப் படலம் டான்சிலைத் தாண்டி உள்நாக்கு வரை பரவியிருந்து, தொட்டால் ரத்தம் கசிந்தால் டிப்தீரியா (தொண்டை அடைப்பான்) என்றே சந்தேகிக்க வேண்டும். அதற்குச் சிகிச்சை தொடங்க ஸ்வாப் முடிவு வரும்வரை காத்திருக்கக் கூடாது.

எச்சில் வழிய, தாடையை முன்னால் நீட்டி, கைகளை ஊன்றி உட்கார்ந்திருக்கிற, மூச்சில் இரைச்சல் உள்ள குழந்தையின் வாயில் கட்டையே வைக்காதீர்கள். குரல்வளை மூடி வீங்கியிருந்தால் அந்த ஒரு தொடுதலில் மூச்சுக்குழல் அடைபடலாம். மூச்சுக்குழாய் போடத் தயாராக ஆள் இருக்கும் இடத்தில்தான் தொண்டையைப் பார்க்க வேண்டும்.

காது வலி என்று வந்து, இரண்டு பறையும் சுத்தமாக இருந்தால் தொண்டைக்கும் கடைவாய்ப் பல்லுக்கும் திரும்புங்கள். ஒன்பதாவது மூளை நரம்பு தொண்டைக்கும் நடுக்காதுக்கும் பொதுவானது. டான்சில் அறுவை முடிந்த குழந்தைகூட சில நாள் காதைத்தான் பிடித்துக்கொண்டு அழும்.

சீட்டில் என்ன எழுதுகிறோம் என்பதும் சோதனையில் பாதி. 'காது சிவப்பு' என்று மட்டும் எழுதினால் நாளை மறுநாள் பார்ப்பவருக்கு அதில் எதுவும் கிடைக்காது. 'வலது பறை: புடைப்பு இல்லை, சிவப்பு, ஊடுருவித் தெரிகிறது, நன்றாக அசைகிறது, பார்க்கும்போது அழுதது' என்று எழுதினால், காய்ச்சல் விடாமல் 48 மணி நேரம் கழித்து வரும்போது அதே பறை புடைத்திருப்பதை அவரால் ஒப்பிட்டுச் சொல்ல முடியும்.