கடலுக்குள் ஒரு கல்லறைத் தோட்டம்

இரண்டு நாளாக மனசு கமிகின் தீவிலேயே கிடக்கிறது. பிலிப்பைன்ஸில், மிண்டனாவோவின் வடக்குக் கரையை ஒட்டிய குட்டித் தீவு. மொத்தமே ஐந்து ஊர்கள். ஆனால் எத்தனை எரிமலைகள்!

அதில் கத்தார்மன் என்ற ஊர்தான் என்னை விடமாட்டேன் என்கிறது. 1871 பிப்ரவரியில் தரை நடுங்கத் தொடங்கியிருக்கிறது. ஒரு நாள், இரண்டு நாள் இல்லை, வாரக்கணக்கில். ஏப்ரல் 30 அன்று ஊருக்குப் பக்கத்திலேயே நிலம் வெடித்துப் புது எரிமலை கிளம்பியது. பழைய ஊரின் ஒரு பகுதி, முன்னோர்களைப் புதைத்த கல்லறைத் தோட்டத்தோடு சேர்ந்து, கடலுக்குள் இறங்கிவிட்டது. தேவாலயத்தின் பவளக்கல் சுவர்கள் மட்டும் கரையில் கூரையில்லாமல் நிற்கின்றன. மூழ்கிய இடத்தில் 1982இல் ஒரு பெரிய சிலுவை எழுப்பினார்கள். தாத்தா பாட்டியின் கல்லறைக்குப் படகில்தான் போக வேண்டும் என்றால் எப்படி இருக்கும்? நினைத்தாலே நெஞ்சு கனக்கிறது.

1951 டிசம்பரில் ஹிபோக்-ஹிபோக் மலை வெடித்தபோது ஐந்நூறு பேருக்கு மேல் மாண்டார்கள். அதற்குப் பிறகுதான், 1952இல், எரிமலைகளைக் கண்காணிக்கவென்றே அந்த நாட்டில் ஓர் ஆணையம் அமைத்தார்கள்.

அந்தச் சாம்பல் மண்ணில்தான் லான்சோனஸ் பழம் அப்படி இனிக்கிறதாம். மலேசியத் தமிழர்களுக்கு லங்சாட் என்றால் சட்டென்று தெரியும். அக்டோபரில் அதற்கொரு திருவிழா, தெருவெல்லாம் ஆட்டம். தின்று முடித்த தோலையும் வீசுவதில்லை. காயவைத்து, சாயங்காலம் கொசு விரட்டப் புகை போடுவார்கள்.