களிமண்ணில் பதிந்த கட்டைவிரல்

அம்மா போய் ஐந்து மாதம் ஆகியும் நான் அழவில்லை. சாவு வீட்டிலேயே, "கல்லு மாதிரி நிக்கிறா பாரு" என்று என் காதுபடப் பேசினார்கள். அந்த ஐந்து மாதமும் கடைக்குப் போனேன், கணக்கு எழுதினேன், பிள்ளைகளுக்குச் சோறு கட்டினேன். ராத்திரி இரண்டு மணிக்கு மட்டும் நெஞ்சில் யாரோ முழங்காலை வைத்து அழுத்துகிற மாதிரி இருக்கும். எழுந்து உட்கார்ந்தால் விடியும்வரை தூக்கம் கிடையாது.

இசிஜி, எக்கோ எல்லாம் எடுத்தாயிற்று. இதயத்தில் கோளாறு இல்லை என்று சொன்ன டாக்டர், மனநல டாக்டரைப் பாருங்கள் என்றார். நான் போகவில்லை. வேலூர்க்காரிக்கு இதில் தயக்கமே இருக்கக் கூடாது. பாகாயத்தில் சி.எம்.சி. ஆஸ்பத்திரி மனநலத்துக்கென்றே 1957-இல் தனி மையம் தொடங்கி, நோயாளியோடு வீட்டு ஆளையும் தங்க வைத்துச் சிகிச்சை கொடுத்த ஊர் இது. இருந்தும் எங்கள் சத்துவாச்சாரித் தெருவில் அந்தப் பேச்சு வந்தால் எல்லோருக்கும் குரல் தானாகத் தாழ்ந்துவிடும். எனக்கும்தான்.

அந்தச் சமயத்தில் ஒரு தோழி, கலை சிகிச்சை முகாம் என்று ஓர் இடத்துக்குக் கூட்டிப் போனாள். வரைவது, மண் பிசைவது மாதிரி கைவேலை வழியாக மனசுக்குப் பார்க்கிற வைத்தியம் அது. 1,500 ரூபாய். மண்டபத்தில் நாற்பது பேர். வண்ணம் தீட்டுவதற்கு மண்டலா என்கிற வட்டக் கோலம் அச்சடித்த தாளும் ஸ்கெட்ச் பேனாவும் கொடுத்தார்கள். நான் கறுப்பு பேனாவை எடுத்தேன். மைக் பிடித்திருந்தவர் என் தாளைத் தூக்கி எல்லோருக்கும் காட்டி, "இவங்க மனசுல இருட்டு இருக்கு" என்றார். வீட்டுக்கு வந்து மூன்று நாள் யாரோடும் பேசவில்லை. இப்படி ஓர் இடத்துக்குப் போய் அடிபட்டு, கலை சிகிச்சை என்றாலே ஏமாற்று என்று நினைத்துவிட்டவர்களுக்காகத்தான் முக்கியமாக இதை எழுதுகிறேன்.

ஒரு நடுராத்திரி 14416-க்கு போன் செய்தேன். அரசின் டெலி மானஸ் என்கிற மனநல உதவி எண். 24 மணி நேரமும் உண்டு, காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம். அந்தப் பக்கம் இருந்த பெண் அவசரப்படாமல் கேட்டார். மறு வாரமே ஒரு மனநல டாக்டரைப் பார்த்தேன். மாத்திரை எழுதினார். மூன்று வாரத்தில் தூக்கம் கொஞ்சம் வந்தது. கவுன்சிலிங்கில்தான் மாட்டிக்கொண்டேன். என்ன கேட்டாலும், "நல்லாத்தான் இருக்கேன் மேடம்" என்பேன். பொய் சொல்ல நினைக்கவில்லை, வேறு வார்த்தை வரவில்லை. மூன்றாவது தடவை அவர் என் மடியைப் பார்த்தார். டோக்கன் சீட்டைத் திரி மாதிரி உருட்டி உருட்டிப் பிய்த்து வைத்திருந்தேன். "வாய்தான் சும்மா இருக்கு, கை சும்மா இல்லையே அக்கா" என்றார். அவர்தான் கலை சிகிச்சை தெரிந்த இன்னொரு பெண்ணிடம் அனுப்பினார்.

புதன்கிழமை நாலு மணி. ஒரு சின்ன அறை, நீளமான மேஜை, கை கழுவத் தொட்டி. முதல் நாள் அவர் சொன்னது இவ்வளவுதான்: நீங்கள் செய்வது உங்களுடையது, பூட்டிய அலமாரியில் இருக்கும், நீங்கள் சரி என்றால்தான் டாக்டருக்குக்கூடக் காட்டுவேன், எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம்.

எனக்கு வரைய வராது என்றேன். பள்ளிக்கூடத்தில் தவளைப் படம்கூடப் பக்கத்துப் பெண் போட்டுக் கொடுத்ததுதான். அதற்கு அவர் ஓர் ஆய்வைச் சொன்னார். 2016-இல் அமெரிக்காவில் வெளியானது. 39 பேரை 45 நிமிடம் வரையவும் களிமண் பிசையவும் விட்டு, முன்னும் பின்னும் எச்சிலை எடுத்து கார்ட்டிசால் பார்த்திருக்கிறார்கள். மன அழுத்தத்தில் கூடுகிற சுரப்பு அது. முக்கால்வாசிப் பேருக்குக் குறைந்திருக்கிறது. வரைந்து பழகியவர், பழகாதவர் என்று அதில் வித்தியாசம் தெரியவில்லையாம். ஏட்ரியன் ஹில் என்ற ஆங்கிலேய ஓவியரைப் பற்றியும் சொன்னார். காசநோயில் சானடோரியக் கட்டிலில் கிடந்தபோது வரைந்து வரைந்தே நாளைத் தள்ளியவர். 1942-இல் இதற்குக் கலை சிகிச்சை என்று பெயர் வைத்தவரும் அவர்தான். வருஷக்கணக்கில் ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்த எனக்கு அந்தக் கட்டில் உடனே புரிந்தது.

கிரேயான் கொடுத்தார். மறுபடியும் கறுப்பையே எடுத்து ஒரு தாள் முழுக்கத் தேய்த்தேன். இதற்கு என்ன அர்த்தம் என்று அவர் சொல்லவே இல்லை. "எந்த இடத்துல ரொம்ப அழுத்திட்டீங்க?" என்று மட்டும் கேட்டார். வலது மூலை. தாள் கிழிந்திருந்தது. "அதைப் பார்த்தா என்ன தோணுது?" அம்மா கட்டில் போட்டிருந்த மூலை என்று என் வாய் சொன்னது. அதற்கு முன்னால் எனக்கே அது தெரியாது.

ஐந்தாவது வாரம் களிமண். காட்பாடிப் பக்கம் மண்பாண்டம் செய்கிற கரிகிரியிலிருந்து வாங்கி வந்ததாம். காற்றுப் போகட்டும் என்று மேஜையில் இரண்டு மூன்று தடவை அறைந்தார், பிறகு என் பக்கம் தள்ளினார். சில்லென்று இருந்தது. முதல் மழையில் ஏரிக்கரை மணக்குமே, அந்த மணம். சும்மா கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன். எடுத்தேன். பள்ளம் அப்படியே நின்றது.

என் கையும் நின்றுவிட்டது.

அம்மாவுக்குக் கடைசி ஒன்றரை வருஷம் டயாலிசிஸ். காலில் நீர் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்க்க, தினம் ராத்திரி கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அழுத்துவேன். பள்ளம் விழும். அது நிரம்பும்வரை ஒன்று, இரண்டு என்று எண்ணுவேன். "இன்னாடி, கடைக் கணக்கு மாதிரி எண்ணிகினு கீற" என்பாள். அந்த வெள்ளிக்கிழமை ராத்திரி, "காலு ஒரு மாதிரி கீது, பாரேன்" என்றாள். மாவு அரைத்துக்கொண்டிருந்தேன். "காலையில பாக்குறேம்மா" என்றேன். விடிவதற்குள் போய்விட்டாள்.

ஐந்து மாதம் நான் யாரிடமும் சொல்லாத வாக்கியம் அது. அன்றைக்கு மண்ணைப் பிடித்துக்கொண்டே அரை மணி நேரம் அழுதேன். அவர் தேற்றவில்லை, என் தப்பு இல்லை என்றும் சொல்லவில்லை. கூடவே உட்கார்ந்திருந்தார். கடைசிப் பத்து நிமிடம் தொட்டியில் கை கழுவ வைத்து, தண்ணீர் சூடா குளிரா, நகத்தில் மண் இருக்கிறதா என்று மெதுவாகப் பேச்சுக் கொடுத்தார். இரண்டு நாள் ராத்திரி மோசமாக இருக்கலாம் என்று முன்கூட்டியே சொல்லி அனுப்பினார். இருந்தது. தெரிந்திருந்ததால் பயப்படவில்லை.

அடுத்த வாரங்களில் அந்த மண்ணையே பாதமாகச் செய்தேன். சூளையில் வைக்க வேண்டும் என்றால் கெட்டியாக விடக் கூடாது, வெடித்துவிடும். அடியிலிருந்து ஸ்பூனால் குடைந்து எடுக்க வேண்டும். குடையக் குடையப் பேசினேன். மூன்று புதன்கிழமை பேசினேன்.

போக நினைப்பவர்கள் சிலவற்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். நடத்துபவர் இதற்கென்று பயிற்சி எடுத்தவரா, வரைந்தது எங்கே இருக்கும், யார் பார்ப்பார்கள், உங்கள் டாக்டரோடு பேசுவாரா? மாத்திரையை நிறுத்தச் சொல்கிறவராக இருந்தால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். எனக்கு மாத்திரை பாதி அளவில் இன்னும் ஓடுகிறது. டாக்டர் குறைத்ததுதான், நானாகக் குறைக்கவில்லை.

பாதம் சூளையிலிருந்து வந்தபோது குதிகாலில் ஒரு விரிசல். அம்மாவுக்கும் அங்கேதான் பித்தவெடிப்பு இருக்கும். வீட்டுக்குக் கொண்டுவந்து அந்த மூலை ஜன்னலில் வைத்தேன். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. சின்னவள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, பையைக்கூடக் கழற்றாமல் கிட்டே போய் நின்றாள்.

"ஆயா காலு" என்றாள்.